சிவப்பு இருக்கையில் காத்திருந்தது

லண்டனில் லூயிஷாம் பகுதியில் பழைய காலத்துப் பாணியில் அமைத்த சாப்பாட்டுக்கடை ஒன்றுக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். சிவப்பு ரெக்சின் இருக்கையில் உட்கார்ந்ததும் சிப்ஸில் ஊற்றும் வினிகரின் மணம் வந்தது.

சிறுவயதில் அப்படியொரு கடையில்தான் அம்மாவும் நானும் அப்பாவுக்காகக் காத்திருந்தோம். அவர் எதிரே இருந்த குடிவரவு அலுவலகத்தில் அகதி விண்ணப்பத்துக்காக மாதாமாதம் போடவேண்டிய கையெழுத்தைப் போடப் போயிருந்தார். முந்திய மாதம் எங்கள் பக்கத்து அறைக்காரரை அங்கேயே பிடித்து வைத்துவிட்டார்கள். அம்மா ஆறிப்போன தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“அப்பா வருவாரோ?”

“ஓம், வருவார். நீ சிப்ஸைச் சாப்பிடு.”

கடைசியில் அப்பா வந்தார். “விட்டிட்டாங்கள். அடுத்த மாசமும் வரட்டாம்” என்றார். சிரிக்கத் தொடங்கிய அம்மா பாதியில் நிறுத்திவிட்டார்.

“க்யூட்டான கடை, என்ன அம்மா?” என்றாள் மகள்.

“ஓம்” என்றேன். ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.