கவிச்சி தின்ற சிறுத்தை

மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் சிரட்டைக்குள் இறங்காது, மரமெல்லாம் வழிந்து வீணாய்ப் போகும். அதனால் விடியும்போது தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் நானும் என் மதினியும் இன்னொரு முறை இழுத்துப் போர்த்திக்கொள்வோம். அதே மழையில் கஹவத்தையில் த்ரீவீலர் ஓட்டும் சிங்களத் தம்பிக்கு ஹயர் கிடைக்காது. அவனை எல்லாரும் மல்லி என்றுதான் கூப்பிடுவோம். அந்த டவுனிலேயே ஃபோன் கடை வைத்திருக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் நண்பரின் கடைப்பக்கமும் ஈ காக்கை வராது. என் அண்ணனோ, பால் வாளியோடு பாறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தவர். அவருக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். இப்படி வேலையற்ற ஐந்து பேர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் கூடினால் என்ன நடக்கும்? கூத்துதான்.

கூத்தைக் கொண்டு வந்தவர் நானா. அண்ணனும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியவர்கள். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி, ஃபோனில் இருந்த ஒரு ஆங்கில விதிப் புத்தகத்தோடும் இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டையோடும் வந்தார். ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன் என்று வாயால் சொன்னால் போதும். அது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். கதை நடத்தும் வேலை எனக்கு வந்தது. எனக்குக் கற்பனை அதிகம் என்றார் நானா. தங்கச்சிக்கு வாய்தான் அதிகம் என்றார் அண்ணன். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டாவதைச் சொன்னவருக்கு அன்றைக்குத் தேநீர் கடைசியாகத்தான் கிடைத்தது.

அண்ணன் வாள் வீசும் தளபதி. நானா மந்திரவாதி. மல்லி திருடன். மதினி முதலில் தேநீர் ஊற்றுவதோடு சரி. பிறகு ஒருநாள், இத்தனை பேர் காட்டுக்குப் போகிறீர்களே, சோறு யார் ஆக்குவது என்று கேட்டாள். சமையற்காரியாக உள்ளே நுழைந்தவள், நினைத்த உருவம் எடுக்கும் மாயக்காரியாக எப்போது மாறினாள் என்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. முதல் முதலாக அவள் எடுத்த உருவம், ரத்தம் உறிஞ்சும் அட்டை. சிங்கம், கழுகு என்று எவ்வளவோ இருக்க இது எதற்கு என்றதற்கு, அட்டை எங்கெங்கே நுழையும் என்பது தனக்குத்தான் தெரியும் என்றாள். எதிரி காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் நுழைந்து கோட்டைக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தலைவலி ஆரம்பம். ஆள் மேல் போட்ட மந்திரம் உருவம் மாறினால் நிற்குமா, போகுமா? நானா ஒருமுறை அவளைப் பெரிதாக்கும் மந்திரம் போட்டுவிட்டார். அவள் அட்டையாக மாறினாள். பஸ் அளவு அட்டை! மல்லி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தயவுசெய்து அதைக் கதையிலிருந்து எடுக்கச் சொன்னான். எலியாக இருக்கும்போது கள்ளைக் குடித்தால், மனுஷியானதும் வெறி இருக்குமா? இருக்கும், குடித்தது எலி என்றாலும் தள்ளாடுவது மனுஷன்தானே என்றார் அண்ணன், அனுபவஸ்தர். பருந்தாக மாறும்போது உடுத்த துணி எங்கே போகும், திரும்பும்போது அதுவும் திரும்புமா என்று மதினி கேட்டாள். திரும்பாது என்றால் இந்த விளையாட்டே வேண்டாம் என்று எழுந்தும் விட்டாள். ஒரு மழை முழுக்க அதற்கே போனது.

எல்லாவற்றிலும் பெரிய வழக்கு காப்பு. பாதுகாப்பு மந்திரம் ஒன்று இருக்கிறது என்று நானா ஃபோனைப் பார்த்து வாசித்தார். சும்மா கையை ஆட்டினால் எப்படிப் பாதுகாப்பு வரும், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்ட வேண்டாமா என்று அண்ணன் கேட்டார். கட்டினால் விரதம் இருக்க வேண்டும், கவிச்சி தொடக் கூடாது, வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்று மதினி சேர்த்தாள். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய எவருக்கும் இது தெரிந்ததுதான். ஆங்கிலப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை என்று நானா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புத்தகம் எழுதினவன் காப்புக் கட்டியிருக்க மாட்டான் என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள். மல்லி மட்டும் விவரமாக, தன் திருடன் கட்டியிருப்பது புத்த பிக்கு ஓதிக் கட்டிய வெள்ளைப் பிரித் நூல், அதைக் கட்டிக்கொண்டு கருவாடு தின்னலாம் என்று தப்பித்துக்கொண்டான்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு மதினி நிஜமாகவே காப்புக் கட்டினாள். அண்ணனுடைய கால் கூடிவர வேண்டும், அதற்காகத் தீச்சட்டி ஏந்துகிறேன் என்று நேர்ந்திருந்தாள்.

காப்புக் கட்டிய பிறகு ஒருநாள் எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். எலும்பு இன்னும் ஒட்டவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் கஹவத்தையில் பஸ் மாறும்போது, காலையிலிருந்து வெறும் வயிறு. எப்போதும் வாங்கும் கடையில் எப்போதும் வாங்கும், மீன் வைத்துச் சுட்ட மாலுபாணைக் கை தானாகவே வாங்கிவிட்டது. வாய் தானாகவே கடித்துவிட்டது. இரண்டாவது கடியில்தான் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கண்ணில் பட்டிருக்கிறது. வாயில் இருந்ததைத் துப்பினாள். ஆனால் முதல் கடி உள்ளே போய்விட்டதே.

இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள், மரங்களுக்கு நடுவே, கத்தியைக் கீழே போட்டுவிட்டு. விரதம் கெட்ட கையில் சட்டியை ஏந்தினால் கை வெந்துவிடும் என்று பயம். ஏந்தாவிட்டால் அண்ணனுக்குக் கால் வராது என்று அதைவிடப் பெரிய பயம். எலும்பு ஒட்டாததே மாரியம்மன் கொடுத்த தண்டனை என்றும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், டாக்டர் சொன்னது மாலுபாணுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டேன். முந்தித்தான் என்றாள். பிறகென்ன என்றேன்.

"நான் திம்பேன்னு அம்மாளுக்கு முந்தியே தெரியாதா?" என்றாள்.

தெரியாமல் செய்தது தப்பில்லை மதினி என்று ஆயிரம் தடவை சொன்னேன். செவிடன் காதில் சங்கு. "நீ என் நாத்தனா. என் மூஞ்சி வாடக் கூடாதுன்னு சொல்லுவ" என்று கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சட்டி எடுக்க வேண்டும் என்ற நிலையில் விடியற்காலையே மழை பிடித்துக்கொண்டது. நானாவும் மல்லியும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். மதினிக்கு விளையாட மனம் இருக்காது என்று நினைத்தேன். அவளோ எல்லாருக்கும் முன்னால் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

கதை முக்கியமான இடத்தில் நின்றிருந்தது. அண்ணனின் தளபதி விஷ அம்பு பட்டு ஒரு குகையில் கிடக்கிறார். அவரைக் காப்பாற்றும் மந்திரக் காப்பு மதினியின் கையில். அவள் விரதம் காக்கும்வரை விஷம் ஏறாது. அதற்குள் அவள் அருவிக்குப் போய் மூலிகை பறித்து வர வேண்டும். சிறுத்தையாக மாறிப் போகிறேன் என்றாள். கட்டையை உருட்டினாள், நன்றாகவே விழுந்தது. வழியில் ஒரு பாலம் உடைந்திருக்கிறது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவளே பேசினாள்.

"வழியில ஒரு மான் செத்துக் கிடக்கு. சிறுத்த அதத் தின்னுட்டுது."

நான் மான் எதையும் வைக்கவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மல்லி, "அக்கே, காப்பு!" என்று தலையில் கை வைத்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. இப்போது காப்பு இருக்கிறதா, போய்விட்டதா, தீர்ப்புச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டாள்.

அவள் கேட்பது எந்தச் சிறுத்தையைப் பற்றி என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். காப்பு இருக்கிறது என்று நான் சொன்னால் நாத்தனாரின் சலுகை. போய்விட்டது என்று சொல்ல நான் என்ன ராட்சசியா? கதை நடத்த வந்தவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். இந்த வழக்கை நான் தொட மாட்டேன், நீங்கள் மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள் என்றேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று நானா கேட்டார்.

பிறகு அந்த மூன்று ஆண்களும் அந்தச் சிறுத்தைக்காக வாதாடினார்களே, ஹைகோர்ட்டில்கூட அப்படி நடந்திருக்காது. நானா ஃபோனைத் தேய்த்து விதியை வாசித்தார். உருவம் மாறினாலும் மேலே உள்ள மந்திரம் போகாது. சரி, நல்லது. ஆனால் அடுத்த வரி வில்லங்கமாக இருந்தது. உடம்புதான் மிருகம், புத்தி அவளுடைய புத்தியேதான்.

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். சாமி விஷயத்தில் அவர் கறார். புத்தி அவளுடையது என்றால் தெரிந்துதானே தின்றாள், காப்புப் போச்சு என்றார். விஷம் ஏறிச் சாகப் போவது தன் தளபதிதான் என்பதையே மனுஷன் மறந்துவிட்டார். மதினியின் முகம் சாம்பலாகிவிட்டது. எட்டி அவர் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது எனக்கு.

மல்லி விடவில்லை. பௌர்ணமிப் போயா நாளில் அவனுடைய அம்மா சில் என்ற விரதம் எடுப்பாராம். நடக்கும்போது காலடியில் எறும்பு நசுங்கினால் சில் கெடாதாம், நசுக்க வேண்டும் என்று நினைத்து நசுக்கினால்தான் கெடுமாம். அக்காவின் சிறுத்தை என்ன நினைத்துத் தின்றது என்று முதலில் கேளுங்கள் என்றான்.

எல்லாரும் மதினியைப் பார்த்தோம். அவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஒன்னும் நெனைக்கல. பசி. கடிச்ச பொறகுதான் கயிறு கண்ணுல பட்டுச்சு. மிச்சத்தத் துப்பிட்டுது."

நானா ஃபோனைக் கீழே வைத்தார். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு பேச்சு? நாங்க நோம்பு புடிச்சிருக்கிற நேரம் மறந்து போய் தின்னா நோம்பு முறியாது. ஞாபகம் வந்தொடன நிப்பாட்டிறணும், அவ்வளவுதான். மறதியில தின்னது படச்சவன் ஊட்டினதுன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. மச்சான், சின்னப் புள்ளைக்கும் தெரியும் இது."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, புத்தி இருந்தாலும் பசித்த புத்திக்கு மறதி உண்டுதான் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அந்தச் சிறுத்தை பசியோடு ஓடியதே தளபதிக்காகத்தானே என்றார். கடைசியில் தொண்டையைக் கனைத்து, பஞ்சாயத்துத் தலைவர் தோரணையில் தீர்ப்பளித்தார்: மறந்து தின்றது, ஞாபகம் வந்ததும் துப்பியது. காப்பு இருக்கிறது. விஷம் ஏறவில்லை. ஆட்டம் நடக்கட்டும்.

மல்லி கை தட்டினான். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒரு சிறுத்தைக்கா இவ்வளவு அழுகை என்று நானா பதறிப்போனார்.

"தின்னது சிறுத்த இல்லீங்க" என்றாள் அண்ணனைப் பார்த்து. "நான்தான். கஹவத்த பஸ் ஸ்டாண்ட்ல. மாலுபாண்."

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். எழுந்து உட்காரப் பார்த்து, வலித்து, மறுபடி சாய்ந்தார். இத்தனை நாள் இதை உள்ளே வைத்துக்கொண்டா எனக்குச் சோறு போட்டாய் என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். தீர்ப்பு மாறிவிடுமோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சொன்னது சொன்னதுதான்" என்றார். "சிறுத்தைக்கு ஒரு நாயம், பொண்டாட்டிக்கு ஒரு நாயமா?"

நானாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவர் மெதுவாக, அந்தக் கடை மாலுபாணா, அதில் மீன் எங்கே இருக்கிறது, முழுக்க உருளைக்கிழங்குதானே, அது கவிச்சியிலேயே சேராது என்றார். முதலில் சிரித்தது மதினிதான். அழுதுகொண்டே சிரித்தாள், புரையேறியது, தலையில் தட்டிவிட்டேன். அன்றைக்கு மூலிகை பறித்தோமா இல்லையா என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த நாள் பொழுது சாயும் நேரம் மழை விட்டிருந்தது. தப்பு மேளச் சத்தம் கோயிலடியிலிருந்து லயத்தை நோக்கி ஏறி வந்தது. சட்டி எடுத்து வருபவர்களின் காலுக்கு வாசல்தோறும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டுக்கு ஊற்ற நான் வாளியோடு நின்றேன். அண்ணன் வாளியைக் கேட்டார். குனிய முடியாத மனுஷனுக்கு இது எதற்கு என்று அதட்டினேன். கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மதினி மஞ்சள் சேலையில் வந்தாள். சட்டியில் நெருப்பு நன்றாக எழும்பி எரிந்தது, வேப்பிலை சுற்றிய இரண்டு கையும் அதன் அடியில். எங்கள் வாசலில் நின்றாள். ஊரே பார்க்க, அண்ணன் பொண்டாட்டியின் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, அட்டை கடித்த தழும்புகளையெல்லாம் தன் கையாலேயே கழுவிவிட்டார். பிறகு அண்ணாந்து அந்தச் சட்டியையும் அவள் கையையும் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"சுடலங்க" என்றாள்.