ஏசினவரின் நம்பர்

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். குலசேகரத்தில் கேபிள் இன்டர்நெட் நடத்துகிறேன். ஒருநாள் ராக்கில் மாட்டியிருந்த சர்வர் செத்துப்போனது. என்னிடம் இணைப்பு வாங்கிய வீடுகளெல்லாம் பெரிய கம்பெனிக்கு மாறிவிடுமே என்று பயந்து வடசேரிக்கு ஓடினேன். புதியதன் விலை எனக்கு எட்டவில்லை. பழைய சர்வர்களைச் சரிசெய்து விற்பவர் ஒருவரிடம் போனேன். மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"நம்பி வாங்கலாமா?"

"என்னைக் கேட்டா நல்லதுதான் சொல்லுவேன். என்னை ஏசுன ஆளுகிட்ட கேளும்."

வாங்க வருகிற எல்லோருக்கும் தக்கலையில் உள்ள அந்த ஒரே ஆளைத்தான் கூப்பிட்டுக் கொடுப்பாராம். நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை என்னிடம் நீட்டினார். எனக்கோ அறியாதவரிடம் பேச நா எழாது. தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

"அந்தக் கள்ளப்பயலா?" என்றது தக்கலைக்காரர் குரல். "வாங்குன மாசமே சர்வர் படுத்துட்டுவே. கண்டபடி ஏசினேன்."

போனை இன்னும் கிட்டே பிடித்தேன். "பொறவு?"

"பொறவு என்ன, அன்னைக்கே கொட்டுற மழையில வேற சர்வரைச் சுமந்துட்டு வந்து மாட்டிட்டுதான் போனான். வாங்கும்வே."

போனைத் திரும்பக் கொடுத்தேன்.

"இன்னைக்குக் கொஞ்சம் கொறச்சுத்தான் ஏசினாரு" என்றார், குறைபட்டவர்போல.

வாங்கினேன், வீடுகள் தப்பின. தன்னை ஏசுவதைத் தினமும் கூப்பிட்டுக் கேட்க ஒரு மனிதனால் எப்படி முடிகிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

எழுதியது: ஆவணி கடைசி ஞாயிறு.