கூர்வளைவு யன்னலுக்காக வாதாடிய சிவகாமி அக்கா

எங்கள் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மோதகம் பிடித்துக்கொண்டிருந்தோம். சிவகாமி அக்கா சிவபதம் அடைந்துவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். மாவுக் கையோடு பிள்ளையாரைத்தான் பார்த்தேன்.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் மாடிக்கட்டடத்தில் குடியிருந்தவர் அக்கா. கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் கீறும் வேலை. நான் அதிகம் படிக்காதவள். கோயில் கணக்கு என் பொறுப்பு. "கட்டடத்தை என்னட்டைக் கேளும், கணக்கை நான் உம்மட்டைக் கேக்கிறன்" என்பார்.

ஒருமுறை மகளோடு போர்த்துக்கல் போய்வந்தார். பிறகு சிந்த்ரா மலையுச்சியிலுள்ள பேனா அரண்மனையைப் பற்றியே பேச்சு. பாழடைந்து கிடந்த துறவிகள் மடத்தை அரசர் வாங்கித் திருத்தி, பக்கத்திலேயே புதிய அரண்மனை எழுப்பினாராம். மடத்துக்குச் சிவப்பு, புதியதற்கு மஞ்சள். ஓரிடத்தில் ஐரோப்பியக் கோட்டைக் கோபுரம், இன்னோரிடத்தில் அராபியக் கும்மட்டம், கயிறு முறுக்கியதுபோல் போர்த்துக்கீசக் கல்வேலை. "ஒண்டும் ஒண்டை விழுங்கேல்லை, பிள்ளை" என்றார்.

அந்த ஆண்டுதான் மூடிக்கிடந்த தேவாலயமொன்றை எங்கள் சபை கோயிலுக்காக வாங்கியது. செங்கல் முகப்பு, கூர்வளைவு யன்னல்கள். முகப்பை இடிப்பதா, விடுவதா என்று முடிவாகுமுன்பே, சிரமதானத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் பக்தி மிகுதியில் செங்கல்லின் மேல் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா ஓடிவந்து பிறஷ்ஷுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார்.

"கோயிலெண்டால் பட்டை வேணும், தங்கச்சி," என்றார் சபைத் தலைவர் அண்ணை. "உது சேர்ச் மாதிரியெல்லோ கிடக்கு! உடைச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுவம்."

"சேர்ச்தானே அண்ணை. கும்பிட்ட இடம்."

"அப்ப பிள்ளையாருக்குக் கோட்டும் சூட்டும் தைக்கட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு அரண்மனைப் படத்தை நீட்டினார்.

"உந்த அரசருக்கே பழசை இடிக்க மனம் வரேல்லை. பக்கத்தில ரெண்டு யன்னல் நிண்டால் எங்கட கோபுரம் சின்னனாப் போயிடுமோ? பிள்ளையாரில அவ்வளவுதானோ நம்பிக்கை?"

தலைவர் அண்ணை படத்தை நெடுநேரம் பார்த்தார். "சரி, கீறிக்கொண்டு வாரும், பாப்பம்."

அக்கா கீறினார். செங்கல் முகப்பு அப்படியே நிற்க, அதை அணைத்தபடி இராசகோபுரம் எழுந்தது. அடித்த பட்டையைச் சுரண்டி எடுக்க, அடித்தவர்களே வந்தார்கள். ரொறன்ரோவில் எத்தனையோ கோயில் கும்பிட்டிருக்கிறேன். இப்படியொரு முகப்பை வேறெங்கும் காணவில்லை. அது எங்கள் அக்கா கீறியது.

தகனம் முடிந்து வீட்டில் தலை தோய்ந்துவிட்டு நேற்று மாலை கோயிலுக்குப் போனேன். மொன்றியலிலிருந்து வந்த அடியார்களுக்குத் தலைவர் அண்ணை முகப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் குரல் கணீரென்று இருந்தது: "உதுதான் எங்கட கோயில் யன்னல். வடிவாப் பாருங்கோ."

அக்கா, பிள்ளையாரின் திருவடியில் இளைப்பாறுங்கள்.