சுண்ணாம்புக்குக் கீழே

படலைத் திறந்து உள்ளே வந்ததும் ஹெர்மிந்தாவின் கட்டைவிரல் வாசலோரத்து ஆப்பிள் மரத்துக்குப் போய்விடுகிறது. கிளை பிரியும் இடங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறாள். பட்டை விரலை எதிர்த்து நின்றால் வீட்டுக்காரருக்கு உடனே வணக்கம் கிடைக்கும். விரல் சற்றே அமுங்கினால் வணக்கம் தாமதமாகும்.

அவள் என் தங்கை. சிலி நாட்டின் சிலோயே தீவில் எங்கள் கரையோர ஊரில் வீட்டுத் தோட்டத்து மரங்களைக் கிளை வெட்டிக் கவாத்து செய்வதும், ஒட்டுக்கட்டிய ஆப்பிள் கன்றுகளை விற்பதும் அவள் தொழில். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டாள். குள்ளம். எங்கள் அப்பாவின் கம்பளித் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இடுப்பில் ஒரு பக்கம் வளைந்த கைரம்பம், மறுபக்கம் ஸ்பிரிட் ஊற்றிய பழைய இருமல் மருந்துக் குப்பி. ஒரு மரத்தை வெட்டி முடித்ததும் ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த மரத்தைத் தொடமாட்டாள். படகுத்துறை ஆண்களுக்கு இது ஓயாத வேடிக்கை. குடிப்பது அவளா, ரம்பமா என்று கேட்பார்கள். "ரம்பம் குடிச்சா ஒழுங்கா வேலை செய்யும். நீங்க செய்வீங்களா?" என்பாள்.

நான் படகுத் தச்சன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெட்டிக் கிடக்கும் மரம். நிற்கிற மரத்தில் ஐயம் வந்தால் நானும் அவளைத்தான் கூப்பிடுகிறேன்.

அவள் தேடுவது பட்டைப்புண். பூஞ்சணத்தால் வருவது. முதலில் பட்டையில் ஒரு இடம் கறுத்துக் குழியும். பிறகு அந்தக் குழி ஆண்டுக்கொரு விளிம்பாகப் பெருகும். வற்றிக்கொண்டே வந்த குட்டையின் கரைபோல வளையம் வளையமாக வெடிக்கும். குளிர்காலத்தில் அந்த வெடிப்புகளில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் முளைக்கும். மழைத்துளி அவற்றில் பட்டுத் தெறித்தால் அடுத்த மரத்துக்கும் நோய் போகும். நுழைவதற்குப் பெரிய காயம் வேண்டியதில்லை. இலை உதிர்ந்த தழும்பு போதும். புண் கிளையைச் சுற்றி வந்து முட்டிக்கொண்டால் அதற்கு மேல் எதுவும் உயிரோடு இருக்காது.

எங்கள் ஊரில் ஆண்கள் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பது அடைமழைக் காலத்தில்தான். ஆகவே கவாத்தும் அப்போதுதான் நடக்கும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடி, ஒரே ரம்பத்தோடு வீடு வீடாகப் போய் வெட்டி, வெட்டியதை மரத்தடியிலேயே குவித்துவிட்டு, உருளைக்கிழங்கு ரொட்டி தின்றுவிட்டுப் போவார்கள். ஹெர்மிந்தாவும் பல வருடம் அப்படித்தான் செய்தாள். அவள் தோட்டத்தில் பாதி போன பிறகே நகரத்தில் விவசாய அலுவலகம் நடத்திய வகுப்புக்குப் போனாள். அங்கே ஒரு பெண் சொல்லிக் கொடுத்ததை இன்றும் அதே வரிசையில் சொல்கிறாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களிடம் மறைப்பதில்லை. "என் மரத்தை நானே கொன்னேன். அப்புறம் போய்க் கத்துக்கிட்டேன்."

வெட்டுவதற்குக் காய்ந்த நாள் வேண்டும். எங்கள் தீவில் அது எளிதில் வாய்ப்பதில்லை. வானொலியை அவள் நம்புவதில்லை. காலையில் கம்பளிக் காலுறை ஒரு ஜோடியைத் துவைத்துக் கொடியில் போடுவாள். மாலைக்குள் காய்ந்தால் மறுநாள் ரம்பம் கிளம்பும். தெருவில் பாதிப் பேர் அந்தக் காலுறையைப் பார்த்துத்தான் தங்கள் துணியைத் துவைக்கிறார்கள்.

மரத்தோடு பேசுகிறவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பொய். அவள் பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை நேரிலேயே கேட்டேன். "மரத்துக்குக் காதா இருக்கு? பேசுறதா இருந்தா மரத்து சொந்தக்காரங்ககிட்டப் பேசணும். அவங்களுக்கும் இல்ல" என்றாள்.

அவளுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று கோழி எரு. அதை அள்ளிப் போட்டால் மரம் கொழுத்து, இளந்தளிராக விட்டு, நோய்க்குத் தோதாகிவிடுமாம். மற்றது சுண்ணாம்பு. செப்டம்பர் பதினெட்டு நாட்டின் பிறந்தநாள். அதற்கு முன்னால் கொடிக் கம்பத்தையும் வேலியையும் மரங்களின் அடித்தண்டையும் வெள்ளையடிக்காத வீட்டை ஊர் மதிக்காது. வெள்ளையடித்த மரம் எல்லாமே ஆரோக்கியமாகத் தெரியும். அந்த மாதம் முழுவதும் ஹெர்மிந்தா தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

போன செப்டம்பரில் அவளால் அப்படி நடந்து போய்விட முடியவில்லை. காரணம் அடுத்த வீட்டுச் சுனில்டாவின் பெரிய ஆப்பிள் மரம்.

சுனில்டா கணவனை இழந்தவர். மகன் தெற்கே புந்தா அரேனாஸில் வேலை பார்க்கிறான். அந்த ஒரு மரத்துப் பழத்தில்தான் அவர் வீட்டுச் சிச்சாவில், அதாவது ஆப்பிள் மதுவில், பெரும்பகுதி புளிக்கிறது. அந்தச் சிச்சாவைப் பீப்பாயாகக் கொடுத்துத்தான் விறகுக்காரன் நவெல்கினிடம் குளிர்காலம் முழுமைக்கும் விறகு வாங்குகிறார். மரம் போனால் அடுப்புக்கு விறகு இல்லை. எங்கள் ஊரில் அடுப்பு அணைந்த வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. அதோடு அந்த மரம் வடக்குப் பக்கம் நிற்கிறது. மழைக்காற்று வருவது வடக்கிலிருந்து. அதற்கு நேர் கீழே வேலிக்கு இப்புறம் ஹெர்மிந்தாவின் கன்றுப் பாத்திகள். முந்தைய இலையுதிர் காலத்தில் அந்த மரத்தின் ஒரு பெருங்கிளை மட்டும் முன்னதாகவே மஞ்சளடித்து, பழங்கள் சுருங்கித் தொங்குவதை அவள் வேலிக்கு மேல் பார்த்திருந்தாள். தண்டைப் பார்க்க முடியவில்லை. அது வெள்ளையாக இருந்தது.

விழாவுக்குச் சில நாள் முன்பு காலுறை காய்ந்தது. மறுநாளும் காய்ந்தது. ஹெர்மிந்தா என்னையும் ஒரு சாக்கையும் அழைத்துக்கொண்டு சுனில்டா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, அந்தப் பெரிய மரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பாக்கணும்."

"இப்பத்தானே சுண்ணாம்பு அடிச்சு நிமிந்தேன். மகன் வர்றான். பதினெட்டு கழியட்டும்டி."

"கழிஞ்சா மழை வந்துரும். ஈரத்துல கத்தி வச்சா புண்ணு பெருசாகும்."

"உன் கண்ணுக்கு எந்த மரம்தான் நல்லா இருந்திருக்கு? என் கல்யாணத்துக்கு வந்து மாப்பிள்ளையப் பாக்காம மரத்தப் பாத்தவ நீ."

"மாப்பிள்ளை நல்லாத்தான் இருந்தாரு. மரந்தான் இளைச்சிருந்துச்சு."

சுனில்டா சிரித்துவிட்டார். ஆனாலும் சம்மதிக்கவில்லை. ஹெர்மிந்தா படியில் உட்கார்ந்துகொண்டாள். தான் கேட்பது அவருக்காக மட்டுமில்லை, மழை அந்தப் பக்கமிருந்துதான் தன் கன்றுகளின் மேல் விழுகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மகன் வருவதற்குள் தெருவுக்குத் தெரியும் பக்கத்தைத் தானே வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னாள். அவளிடமிருந்து அப்படி ஒரு வாக்கு வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. சுனில்டா கையைத் துடைத்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

மரத்தடியில் சாக்கை விரித்தோம். ஹெர்மிந்தா கத்தியால் சுரண்ட, தெருப்பக்கச் சுண்ணாம்பு மெல்லிய பொருக்காக உதிர்ந்தது. அடியில் நல்ல பட்டை. அடுப்படியைப் பார்த்த பக்கத்துக்கு வந்ததும் கத்தி பட்டையைத் தொடவில்லை. சுண்ணாம்புக்குக் கீழே சுண்ணாம்பு, அதற்கும் கீழே சுண்ணாம்பு, விரல் தடிமனுக்கு இறுகியிருந்தது. பழைய படகுகளைச் சுரண்டிப் பழகிய எனக்கு அதில் புரியாதது எதுவுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பதில் இவ்வளவு கனம் சேராது. யாரோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் மறுபடி மறுபடி வந்து பூசியிருக்கிறார்கள். ஹெர்மிந்தாவுக்கும் புரிந்திருக்கும். எதையும் யாரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் அவள். அன்று, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுக்கா" என்றாள். சுனில்டா உள்ளே போய் வருவதற்குள் அந்தக் கட்டிகளை உடைத்துச் சாக்கில் தள்ளிவிட்டாள்.

புண் தெரிந்தது. குழிந்து, வளையம் வளையமாக வெடித்து, சிவப்புப் புள்ளிகளோடு. தண்டை ஏறக்குறைய சுற்றி வந்துவிட்டது. தெருப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நல்ல பட்டை மிச்சமிருந்தது. "இந்தச் சந்து வழியாத்தான் இது உயிரோட இருக்கு" என்றாள். மேலே மஞ்சளடித்த பெருங்கிளையும் போயாக வேண்டும் என்றாள்.

"அதுவும் போனா நவெல்கினுக்கு நான் எதைக் குடுப்பேன்?"

"பாதிக் காய்ப்பு இருக்கும். என் பீப்பாயிலருந்து மீதியக் குடுக்கறேன். இப்படியே விட்டா ரெண்டு வருசத்துல நவெல்கினே வந்து இதை வெறகா வெட்டிக் குடுப்பான்."

கிளையை அறுத்தாள். வெட்டு முகத்தின் நடுவில் பழுப்புக் கறை. இன்னும் கீழே அறுத்தாள். கறை சிறுத்தது. அதற்கும் கீழே அறுத்த பிறகே பால் நிறத்தில் சுத்தமான மரம் வந்தது. ஒவ்வொரு அறுப்புக்கும் சுனில்டா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தண்டிலிருந்த புண்ணை, சுற்றிலும் பச்சை விளிம்பு தெரியும்வரை செதுக்கி எடுத்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த நீலப் பசையைப் பூசினாள். கொடுத்த வாக்குப்படி தெருப்பக்கத்தை மட்டும் வெள்ளையடித்தாள். நீலம் அடுப்படி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது.

அதை மட்டும் மூட வேண்டாம் என்றும், ஓரத்தில் உதடுபோலப் புதுப் பட்டை திரள்கிறதா என்று ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். வெட்டிய கிளையையும் சாக்கிலிருந்த செதுக்கல்களையும் முற்றத்தில் குவித்து நெருப்பு வைத்தோம். ஈரம் காய்ந்து பற்றிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. சுனில்டா ஹெர்மிந்தாவின் அருகில் வந்து நின்றார்.

"மரத்தையே வெட்டணும்னு சொல்லிடுவியோன்னுதான்டி..." என்று தொடங்கி நிறுத்தினார்.

ஹெர்மிந்தா அவர் தோளை நோக்கிக் கையை நீட்டினாள். சுனில்டா தோளைச் சற்றே அவள் பக்கம் சாய்த்தார். அவர் சால்வையில் ஒட்டியிருந்த பட்டைத் துணுக்கு ஒன்றை ஹெர்மிந்தா இரண்டு விரலால் எடுத்து, நெருப்பில் போட்டாள்.