நான் அடித்துத் திருத்திய சீட்டு

ஆந்திராவில் வரதய்யபாளையம் பக்கத்தில், கார்களுக்கு வயர் செய்யும் ஆலையின் ஸ்டோரில் எனக்கு வேலை. எண்ணிக்கை தப்பினால் ஆலையே நின்றுபோகும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவனும் நான்தான். அதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

எங்கள் ஸ்டாக் எண்ணிக்கைக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் எண்ணி, சீட்டில் எழுதி ஒட்டுவார். இன்னொருவர் அந்தச் சீட்டைப் பார்க்காமல் மறுபடி எண்ண வேண்டும். அன்று கனெக்டர் பெட்டிகளை முதலில் எண்ணியவர், அந்த அடுக்குக்குப் பொறுப்பாக இருந்த ஒப்பந்தத் தொழிலாளி அம்மா. பக்கத்து கிராமத்துக்காரர், ஐந்தாவதோடு படிப்பு நின்றவர். ஏணி போட்டு ஏறி, சாக்பீஸால் கோடு கிழித்து எண்ணி, 412 என்று எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் 480.

நான் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணினேன். நான் டிப்ளமோக்காரன். போதாததற்கு நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் நூல் மூட்டைகளை யாரும் ஏறி எண்ணியதில்லை. முகப்பை எண்ணி, உள்வரிசையால் பெருக்கினால் முடிந்தது. இங்கும் அதே வித்தைதான். முகப்பில் நாற்பத்தெட்டு, உள்ளே பத்து வரிசை. கம்ப்யூட்டரும் நானும் ஒத்துப்போனோம், வேறென்ன வேண்டும்?

"நடுவுல காலியா கீது சார், ஏறிப் பாருங்க," என்றார் அந்த அம்மா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏறவில்லை. அவர் எழுதியதை அடித்து, 480 என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெட்டிகள் போதாமல் அரை நாள் வேலை நின்றது. எண்ணும்போது இருந்த பெட்டிகளில் அறுபத்தெட்டு காணோம் என்றால், யாரோ எடுத்திருக்க வேண்டும் அல்லவா? விசாரணையில் மேனேஜர் என்னைத் தெலுங்கில் கேட்டார், என் எண்ணிக்கை சரிதானா என்று. அந்த அம்மா எதிரில் நின்றிருந்தார். சரிதான் என்றேன். மறுநாளிலிருந்து அவரை வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்த வாரமே உண்மை தெரிந்தது. உற்பத்திப் பிரிவு ஆட்கள் அவசரத்துக்கு மேலிருந்து நடுப் பெட்டிகளை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பதிவு போடாமல் விட்டிருக்கிறார்கள். எண்ணிக்கைக்கு முன்பே. அவர்கள் நோட்டில் தேதியோடு இருந்தது. அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். மூடி வைத்துவிட்டேன். வெட்கங்கெட்டவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டதோடு சரி.

போன மாதம் சூளூர்பேட்டை பஸ் நிலையத்தில் அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. என் பிள்ளைகளை விசாரித்தார். இப்போது கூலிக்கு நாற்று நடப் போகிறாராம். பிறகு கையில் போனை எடுத்தார்.

"ஊருல திருடின்னு பேசிக்கினு கீறாங்க சார். எங்க வூட்டுக்காரரே நம்பல. நா எண்ணினது சரின்னு அவராண்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

ரொம்ப நாளாகிவிட்டது, அன்று நீங்கள் என்ன எழுதினீர்கள் என்றே ஞாபகம் இல்லை என்றேன்.

நான் நிஜமாகவே மறந்துவிட்டேன் என்று நம்பி, அவர் எடுத்துக்கொடுத்தார்.

"நானூத்திப் பன்னண்டு சார்."