தொடக்கூடாத பலகை

தூர்லைஃபுக்கு மகளிடம் பேசத் தெரிந்த ஒரே விஷயம் பனி. இன்றைக்குப் பனி ஈரமா, பொடியா, நாளைக்குச் சறுக்குப் பலகையில் எந்த மெழுகு பூசுவது என்பதோடு சரி. மர அறுவை ஆலை இரைச்சலில் காலம் தள்ளியவனுக்கு வேறு பேச்சு வாய்க்கவில்லை. மனைவி பெர்கன் நகரத்துக்குக் கிளம்பிப் போனபோதுகூடக் கீழறையில் மெழுகுதான் உருக்கிக்கொண்டிருந்தான். பதினேழு வயது மகள் எல்ட்ரிட் அவனோடு தங்கியது பனிச்சறுக்கு ஓட்டத்துக்காக மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் முதல் பத்துக்குள் வந்தால் விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைக்கும். வராவிட்டால் அம்மாவிடம் போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிற பெண் அல்ல அவள்.

வாரம் முழுக்க மழை பெய்து, பிறகு உறைந்து, போட்டித் தடம் கண்ணாடியாகக் கிடந்தது. அதற்குப் பசை மெழுகுதான் சரி. கட்டி மெழுகு நிற்காது. சனிக்கிழமை மதியம் அவன் குழாயைப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு போர்கில் மெழுகை உருக்கித் தேய்க்கும் தன் இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றாள். கிராமத்தில் பாதிப் பேருக்குப் பலகை தேய்த்துக் கொடுத்தவள்.

"மேல புதுப்பனி விழும்ப்பா. வெறும் பசையோட விட்டியானா பனி அப்பிக்கும். பசைய தேச்சு, வெளிய வச்சு ஆறவிட்டு, மேல கட்டி மெழுகு பூசிடு. இந்தா, என் பெட்டிய வச்சுக்க. இதுல சூடு ஒரே சீரா நிக்கும்."

"எங்கிட்டயே பெட்டி இருக்கு."

"அது உன் பொண்டாட்டி சட்டை தேச்ச பெட்டியில்ல? அவளே வேணாம்னு விட்டுட்டுப் போனது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளை அனுப்பிவிட்டு அந்தத் துணி தேய்க்கும் பெட்டியையே மின்சாரத்தில் சொருகினான். துணிப் பெட்டிக்குச் சூடு நிலையில்லை. ஒரு நேரம் வெதுவெதுக்கும், ஒரு நேரம் கொதிக்கும். புகை கிளம்பியது. புகை வந்தால் கையை எடுக்க வேண்டும் என்பது அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். எடுத்தான். அதற்குள் பசை தண்ணீராக இளகி, காலடியில் மட்டும் பசை நிற்க வேண்டிய நடுப்பகுதிக் கோட்டைத் தாண்டி, பலகையின் வழுக்க வேண்டிய முன்பக்கம் ஓடிவிட்டது. கண்ணில் பட்டதைத் துடைத்தான். போர்கில் சொன்னாள் என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டி மெழுகைத் தொடவில்லை. வீம்புக்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம்.

காலையில் மலையேறினால், தடமெங்கும் புதுப்பனி. அவசர அவசரமாகக் கட்டி மெழுகைத் தேய்த்துப் பார்த்தான். வண்டிக்குள் கதகதப்பாகக் கிடந்த பசை இளகியிருந்தது. மேல் மெழுகு பிடிக்காமல் சுருண்டுகொண்டு வந்தது. ஆற வைக்க நேரமில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

ஏற்றத்தின் பாதியில் பசை வழிக்கும் சுரண்டியும் கையுமாக நின்றான். எல்ட்ரிட் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். காலடியில் கட்டி கட்டியாகப் பனி. ஒருத்தி ஒருத்தியாக அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். சுரண்டியை அவள் கையில் கொடுக்கலாம், அது விதி. பலகையில் இன்னொருவர் கை பட்டால் அவள் போட்டியிலிருந்து நீக்கப்படுவாள், அதுவும் விதி. நடுவர் சற்றுத் தள்ளித்தான் நின்றிருந்தார்.

அவள் தடத்துக்கு வெளியே உட்கார்ந்து சுரண்டினாள். கையுறையைக் கழற்றியதால் விரல் விறைத்து, சுரண்டி இரண்டு தடவை நழுவியது.

"முன்னாடியும் இருக்கும்மா, கோட்டுக்கு மேல," என்றான். பசை அங்கே ஓடியது தன் தப்பால்தான் என்று அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்தது.

"வரலப்பா." அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எத்தன பேரு போயாச்சு?"

அவன் எண்ணியிருந்தான். பத்தைத் தாண்டிவிட்டது.

"நீயே சுரண்டிடுப்பா. கை வலிக்குது."

"நான் தொட்டா முடிஞ்சிரும்மா."

"முடிஞ்சிருச்சுப்பா."

அவன் பனியில் மண்டியிட்டுப் பலகையை மடியில் வாங்கிக்கொண்டான். நடுவர் அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். தூர்லைஃப் கோட்டுக்கு மேலே ஓடியிருந்த பசையை ஓரம்வரை வழித்தெடுத்தான். வாழ்நாளில் இவ்வளவு கவனமாக ஒரு பலகையை அவன் சுரண்டியதில்லை.

"போதும்ப்பா, வண்டிக்குப் போலாம். அம்மாட்ட நானே பேசிக்கறேன்."

"இரு, இன்னொண்ணு இருக்கு," என்று அடுத்த பலகைக்குக் கையை நீட்டினான்.