அக்கா வீட்டுத் தெருக்குத்து

நகரமைப்பு படித்துவிட்டுத் தேனியில் அலுவலகம் போட்டிருக்கிறேன். தெரு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று வரைவதுதான் பிழைப்பு. சொந்தக்காரர்களுக்கு மட்டும் வரைந்து கொடுத்துவிடாதே என்று தொழிலில் பலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அனுபவித்தேன்.

காமயகவுண்டன்பட்டியில் சித்தப்பா தன் திராட்சைத் தோட்டத்தை வீட்டுமனைகளாக்கினார். தோட்டத்துக்குப் பின்னால் பழைய குடியிருப்பு. அதற்குள் போக ஒரே சந்துதான், ஆட்டோவே திணறும். அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டியில் ஏற்றும்போது உயிர் இல்லை. தோட்டத்தின் நடுவே குடியிருப்பு வரைக்கும் அகலமாக ஒரு தெரு விட்டே ஆக வேண்டும் என்று சித்தப்பாவிடம் சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன்.

சுண்ணாம்புப் பொடியால் தெருவைக் குறித்த அன்று, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. கோடு நேராகப் போய் அக்கா வீட்டு வாசலில் முட்டியது. தெருக்குத்து. தெரு வந்து குத்தும் வீட்டில் பிள்ளை தங்காது என்பது ஊர் நம்பிக்கை. அக்காவோ கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இரண்டு கரு கலைந்து, அப்போதுதான் மறுபடி உண்டாகியிருந்தாள்.

கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் பக்கத்து வீட்டு வாசலில் குத்தும். அந்த வீட்டுக்காரர்கள் வெளியே வந்து என் காலடியில் இருந்த சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வளைத்து, கடைசி வீட்டையும் தாண்டிக் குடியிருப்போடு சேர்க்கலாம். ஆனால் அந்த வளைவில் ஆம்புலன்ஸ் திரும்பாது.

அக்காவின் மாமியார் சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனவுக போயிட்டாக, ஆத்தா. வரப்போற உசுருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. கோட்டை வளைச்சு விட்டுரு."

புருஷனைக் கொண்டுபோன அந்தக் குறுகிய சந்தை எப்படி மறந்தார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாளைக்கு அக்காவுக்கு ஒன்று ஆகிவிட்டால் என் தெருதான் காரணம் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், நானே சொல்லிக்கொள்வேன்.

அக்கா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். "நேராவே விடு. வண்டி வாசலுக்கு வரணும்ல" என்றாள். குரலில் துளி நடுக்கமில்லை. மாமியார் உள்ளே போய்விட்டார். மறுவாரம் தெரு முட்டும் இடத்தில் ஒரு பிள்ளையாரை வைக்கச் சொல்லி அனுப்பினார். மறுபேச்சில்லாமல் நானே போய் வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எடுப்பேன். கால் வீங்கியிருக்கிறது என்பாள், எனக்குத் தெருதான் கண்முன் வரும். வேறு மனைப்பிரிவு வரைய உட்கார்ந்தால் நேர்கோடு போடக் கை கூசியது. இத்தனைக்கும் அந்த நம்பிக்கையை நான் நம்பவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலி கண்டபோது வண்டி வாசலுக்கே வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியில் குழந்தையை என் மடியில் வைத்தபோது அழுதுவிட்டேன். உன் தைரியம் எனக்கு வராது என்று அக்காவிடம் சொன்னேன்.

"என்ன தைரியம்? தெனமும் அந்தத் தெருவப் பாத்துப் பயந்துதான் கெடந்தேன். அன்னைக்கு ஒன்கிட்டச் சொல்லியிருந்தா நீ கோட்டை வளைச்சிருப்ப."

வளைத்துத்தான் இருப்பேன்.